கடைசல் கற்போம்



மோர் கடையும் மத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். கயிற்றின் ஒரு முனையை ஒரு கை இழுக்க, மறு முனையை மறு கை தளர்த்த, மத்து ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் சுழலும். பழங்காலத்தில் மரம் கடைந்தவர்களும் ஏறக்குறைய இதே முறையைத்தான் கையாண்டார்கள். மரத்துண்டைச் சுற்றிய கயிற்றை ஒருவர் முன்னும் பின்னுமாக இழுப்பார். சுழலும் மரத்தின்மேல் மற்றொருவர் உளியை வைத்துச் செதுக்குவார். கட்டில் கால், தொட்டில் கம்பு, பிள்ளைகள் ஆடும் பம்பரம் எல்லாம் இப்படித்தான் உருண்டு திரண்டன. கடைந்து செய்வதால் அதற்குக் கடைசல் வேலை என்று பெயர் வந்தது.

மரத்தைக் கடைந்ததுபோலவே இரும்பையும் பித்தளையையும் அலுமினியத்தையும் கடையலாம். அதற்கான இயந்திரமே கடைசல் இயந்திரம். பட்டறையில் 'லேத்' என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். அந்த இயந்திரத்தில் ஒருவர் புதிதாக வேலை பழகுவது எப்படி, எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதைப் பற்றி இன்று பேசுவோம். பிழைப்புக்காகக் கற்பவருக்கும், ஓய்வு நேரத்தில் கைவேலையாகக் கற்பவருக்கும் தொடக்கப் பாடம் ஒன்றுதான்.

"தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கும் குலை வெட்டுகிறவர்களுக்கும் லேத் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ரப்பர் ஆலையில் தகடு உருட்டும் உருளையின் தண்டு தேய்ந்தாலும், செம்பனை எண்ணெய் ஆலையில் ஒரு புஷ் உடைந்தாலும், அதைச் சரி செய்யும் இடம் கடைசல் பட்டறைதான். அங்கே வேலை செய்பவரின் கை நம் கையைப் போன்றதே. இன்னும் சொல்லப்போனால், பால் வெட்டும் தாய்மார்களுக்கு இந்தக் கலையின் பாதி முன்பே தெரியும். பட்டையைச் சீவும்போது கத்தி மரத்தைத் தொட்டுவிடாமல், மெல்லிய பட்டையை உள்ளே மிச்சம் வைத்துக் கை நிறுத்துகிறது அல்லவா? கத்தி மழுங்கினால் பால் வராது, மரம்தான் காயப்படும் என்று விடியுமுன்னே கல்லில் தீட்டிக்கொள்கிறோம் அல்லவா? கூர்மை, ஆழம், நிதானம் ஆகிய இந்த மூன்றையும்தான் கடைசல் இயந்திரமும் நம்மிடம் கேட்கிறது.

இந்த இயந்திரத்தை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி மாட்ஸ்லி என்னும் ஆங்கிலேயர். அவர் 1771-இல் இங்கிலாந்தில் ஊல்விச் என்னும் ஊரில் ஒரு தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 12-ஆம் வயதிலேயே அவ்வூர்ப் படைக்கலச் சாலையில் தோட்டாக்களில் மருந்து நிரப்பும் வேலைக்குப் போனார். பிறகு கொல்லுப் பட்டறையில் கை தேர்ந்து, பூட்டு செய்வதில் புகழ்பெற்ற ஜோசப் பிராமா என்பவரிடம் சேர்ந்து, அங்கே தலைமைத் தொழிலாளியாக உயர்ந்தார். குடும்பம் பெருகியதும் வாரக் கூலியான 30 ஷில்லிங்கை உயர்த்தித் தரும்படி கேட்டார். முதலாளி மறுத்துவிட்டார். மாட்ஸ்லி 1797-இல் வெளியேறிச் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

அதற்கு முன்பெல்லாம் உலோகம் கடைபவர்கள் பெரும்பாலும் உளியைக் கையால் பிடித்தே வேலை செய்தனர். கை நடுங்கினால் வேலையும் நடுங்கும். உளியை உறுதியாகப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் நகரும் தாங்கி, அதை ஒரே சீராக இழுத்துச் செல்லும் நீண்ட திருகு, வேகத்தை மாற்றும் பற்சக்கரங்கள் ஆகியவற்றை ஒன்றாக இணைத்து, 1800-ஆம் ஆண்டையொட்டி மாட்ஸ்லி திருகுமரை வெட்டும் கடைசல் இயந்திரத்தை உருவாக்கினார். இன்று நாம் காணும் லேத் அதன் வழிவந்ததுதான். கூலி உயர்வு மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் பட்டறையில் இந்த வரலாறு வளர்ந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

இனி இயந்திரத்தின் உறுப்புகளைப் பார்ப்போம். தண்டவாளம்போல் நீண்டு கிடப்பது படுகை. அதன் இடப்பக்கத்தில் மோட்டாரால் சுழலும் தலைப்பகுதி இருக்கிறது. அதன் முகத்தில் பொருத்தியிருக்கும் 'சக்கு' தன் தாடைகளால் உலோகத் துண்டைக் கவ்விப் பிடிக்கும். வலப்பக்கத்தில் நிற்பது வால்பகுதி. நீண்ட துண்டின் மறுமுனையைத் தாங்கவும், துளையிடும் அலகைப் பிடிக்கவும் அது உதவும். இரண்டுக்கும் நடுவே படுகைமீது இடம் வலமாக நகர்வது வண்டி. வண்டியின்மேல் முன்னும் பின்னுமாக நகரும் குறுக்குச் சறுக்கி ஒன்றும், அதன்மேல் சாய்வாகத் திருப்பிக்கொள்ளக்கூடிய சிறு சறுக்கி ஒன்றும், எல்லாவற்றுக்கும் மேலே வெட்டும் உளியைப் பிடிக்கும் தாங்கியும் உள்ளன. வேலைத் துண்டு சுழலும், உளி நகரும். லேத் என்பதன் சாரம் இவ்வளவுதான்.

நேயர்களே, உளியைத் தொடுமுன் பேச வேண்டியது ஒன்று உண்டு. நாங்கள் நால்வர் இளவயதில் தோட்டத்தை அடுத்திருந்த ஒரு சிறு பட்டறையில் சனிக்கிழமைதோறும் கடைசல் பழகினோம். கற்றுக் கொடுத்த பெரியவருக்கு இடக்கையில் ஆள்காட்டி விரல் இல்லை. முதல் நாள் அவர் எங்களுக்கு இயந்திரத்தைக் காட்டவில்லை, அந்தக் கையைத்தான் காட்டினார். "கையுறை போட்டிருந்தேன். அதுதான் விரலைக் கொண்டுபோனது" என்றார்.

கையுறை பாதுகாப்புக்கு உரியதுதானே என்று நமக்குத் தோன்றும். முள் அகற்றும்போதும் உரம் போடும்போதும் அது பாதுகாப்புதான். சுழலும் இயந்திரத்தின் முன் அதுவே பகை. கையுறையின் ஒரு நூல் சுழலும் துண்டில் சிக்கினாலும் போதும், நாம் கையை இழுத்துக்கொள்ளுமுன் இயந்திரம் கையை இழுத்துவிடும். நீண்ட சட்டைக் கை, தொங்கும் துண்டு, சேலை முந்தானை, துப்பட்டா, விரித்த கூந்தல், மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றுக்கும் இதுவே விதி. கோயிலில் மணிக்கட்டில் கட்டிய கயிற்றையும் வேலைக்கு முன் கழற்றிவிட வேண்டும். சாமி கோபித்துக்கொள்ளாது. காலில் சிலிப்பர் கூடாது, மூடிய காலணி வேண்டும். பறக்கும் சீவல் கண்ணில் பட்டால் பார்வை போகும். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் விசையைத் தொடக் கூடாது.

இன்னொரு பகை சக்குச் சாவி. தாடைகளை இறுக்கும் அந்தச் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தை ஓட்டினால், அது துப்பாக்கிக் குண்டைப்போல் பாயும். எங்களில் ஒருவன் அப்படி விட்டுவிட்டான். சாவி அவன் காதோரம் பறந்து போய்ப் பின்சுவரின் தகரத்தைத் துளைத்தது. பெரியவர் திட்டவில்லை. இயந்திரத்தை நிறுத்தி, அந்த ஓட்டையை எங்கள் நால்வரையும் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அன்று முதல் எங்களுக்கு ஒரு வழக்கம் வந்தது: சாவி சக்கில் இருக்கும்வரை கை சாவியில் இருக்க வேண்டும். கை எடுத்தால் சாவியும் கையோடு வர வேண்டும்.

மேலும் சில விதிகள் உண்டு. சீவல் கத்தியைப்போல் அறுக்கும் என்பதால், இயந்திரத்தை நிறுத்திய பிறகு கொக்கியாலும் தூரிகையாலும்தான் அதை அகற்ற வேண்டும். சுழலும் துண்டை அளக்கக் கூடாது, துணியால் துடைக்கவும் கூடாது. முதன்முறை விசையைப் போடுமுன் சக்கைக் கையால் ஒரு சுற்றுத் திருப்பி, எதிலும் இடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். அவசரமாக நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் காட்டத் தெரிய வேண்டும். பழகும் பிள்ளையை இயந்திரத்தோடு தனியே விடக் கூடாது.

இப்பொழுது உளிக்கு வருவோம். தொடங்குபவருக்கு ஏற்றது ஹைஸ்பீட் ஸ்டீல் எனப்படும் எஃகு உளி. அதைச் சாணைச் சக்கரத்தில் நாமே தீட்டிக்கொள்ளலாம். தீட்டும்போது சூடேறினால் அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். சாணை ஓடத் தொடங்கும்போது அதற்கு நேரெதிரே நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். மழுங்கிய உளி உலோகத்தை வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடும் கீச்சொலியும்தான் மிஞ்சும்.

கூராக இருந்தும் உளி சரியாக வெட்டவில்லையானால், அதன் உயரத்தைப் பார்க்க வேண்டும். உளியின் முனை, சுழலும் துண்டின் நடுமையத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். புதியவர்களின் தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு, மெல்லிய இரும்பு அளவுகோல் ஒன்றை உருண்டைத் துண்டுக்கும் உளி முனைக்கும் நடுவே வைத்து, உளியை மெதுவாக நகர்த்தி அளவுகோலை இலேசாகப் பிடிக்கச் செய்யுங்கள். அளவுகோல் நேர் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் மேல்முனை நம்மை நோக்கிச் சாய்ந்தால் உளி தாழ்ந்திருக்கிறது. நம்மைவிட்டு அப்பால் சாய்ந்தால் உளி உயர்ந்திருக்கிறது. உளி தாழ்ந்திருந்தால் அதன் அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்துங்கள், உயர்ந்திருந்தால் தகட்டை எடுத்துவிடுங்கள். துண்டின் முகத்தைச் சமமாகச் சீவிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். நடுவில் சிறு குமிழ் மிஞ்சினால் உயரம் இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

பிடிப்பும் உறுதியாக இருக்க வேண்டும். சக்கிலிருந்து துண்டு எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு அதிரும். மறுமுனையில் தாங்கல் இல்லாதபோது, துண்டின் குறுக்களவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அதை வெளியே நீட்டாமல் இருப்பது நல்லது. உளியும் அப்படியே. தாங்கியிலிருந்து எவ்வளவு குறைவாக நீட்ட முடியுமோ அவ்வளவு குறைவாக நீட்ட வேண்டும்.

அடுத்தது வேகம். உளிமுனையைக் கடந்து ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் உலோகம் ஓடலாம் என்பதற்கு ஒவ்வோர் உலோகத்துக்கும் ஓர் அளவு உண்டு. எஃகு உளிகொண்டு மென் எஃகைக் கடைய ஏறக்குறைய 25 மீட்டர், அலுமினியத்துக்குத் தொடக்கத்தில் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று அறிய, அந்த மீட்டர் கணக்கை 320-ஆல் பெருக்கி, துண்டின் குறுக்களவை மில்லிமீட்டரில் எடுத்து அதனால் வகுக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் மென் எஃகுக் கம்பியானால், 25-ஐ 320-ஆல் பெருக்கி 25-ஆல் வகுக்க 320 சுற்று வரும். 30 மில்லிமீட்டர் அலுமினியமானால், 60-ஐ 320-ஆல் பெருக்கி 30-ஆல் வகுக்க 640 சுற்று வரும். துண்டு பெரிதாக ஆக, வேகம் குறைய வேண்டும் என்பதே இதன் கருத்து. கையிலுள்ள இயந்திரத்தில் அதே எண் இல்லாவிட்டால், அதற்குக் கீழுள்ள வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை சரியாக நடக்கிறதா என்பதைக் காதும் சொல்லும். சரியான வெட்டு ஒரே சீரான சீறலாகக் கேட்கும். கீச்சென்று அலறினால் வேகம் மிகுதி, உளி மழுங்கல், பிடிப்புத் தளர்ச்சி ஆகிய மூன்றில் ஒன்று இருக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அலறும்போதே அழுத்திக் கடைந்தால் உளியும் போகும், துண்டும் போகும்.

இனி அளவு. தொடங்குபவருக்கு வெர்னியர் காலிப்பர் ஒன்று வேண்டும். பழகிய பின் மைக்ரோமீட்டர் வேண்டும். மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரண மைக்ரோமீட்டரின் திருகு, ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். அந்தச் சுற்று 50 கோடுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரு கோடு ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கைக் காட்டும். தலைமயிரின் பருமனைவிட இது மிகச் சிறியது. மாட்ஸ்லி தம் பட்டறையில் வைத்திருந்த அளவுகருவிக்கு 'லார்டு சான்சலர்' என்று பெயர். அது அக்காலத்தில் அந்நாட்டின் உயர்ந்த நீதிபதிப் பதவியின் பெயராக இருந்தது. அளவைப் பற்றிச் சச்சரவு வந்தால், அந்தக் கருவி சொல்வதே முடிவு.

இங்கே நாங்கள் நால்வரும் செய்த ஒரு தவறைச் சொல்கிறோம். 25 மில்லிமீட்டர் கம்பியை 24-ஆகக் கடைய வேண்டியிருந்தது. சிறிது கடைந்து அளந்தோம். 24.60 இருந்தது. இன்னும் 0.60 குறைய வேண்டும் என்று குறுக்குச் சறுக்கியின் வட்டை 0.60 திருப்பினோம். கடைந்து அளந்தால் 23.40! ஏன்? உளி ஒரு பக்கத்தில்தான் வெட்டுகிறது. ஆனால் துண்டு சுழல்வதால் அது சுற்றிலும் குறைகிறது. உளி 0.60 முன்னே போனால் குறுக்களவு 1.20 குறையும். நாங்கள் 0.30 மட்டுமே திருப்பியிருக்க வேண்டும். சில இயந்திரங்களில் வட்டின் எண்கள் குறுக்களவுக்கே குறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் 0.60 என்று திருப்பினால் 0.60 குறையும். ஆகவே புதிய இயந்திரத்தின் முன் நின்றால், முதலில் சிறிது வெட்டி அளந்து, எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உலோகத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. பால் மரத்தின் பட்டையும் அப்படித்தானே!

வேறு இரண்டு நுட்பங்களும் உண்டு. கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பினால், சிறிது தூரம் சறுக்கி நகராமல் கைப்பிடி மட்டும் சுற்றும். திருகுக்கும் மரைக்கும் இடையேயுள்ள தளர்ச்சி அது. ஆதலால் அளவைத் தாண்டிவிட்டால், ஒரு முழுச் சுற்றுப் பின்வாங்கி, மறுபடி ஒரே திசையில் முன்னேறி அளவுக்கு வர வேண்டும். இரண்டாவது, சூடான உலோகம் பெருத்திருக்கும். 25 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி 40 டிகிரி சூடேறினால் நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவே பருக்கும். கடைசி அளவை எடுக்குமுன் ஆறவிடுங்கள்.

சரி, முதலில் எதைச் செய்து பழகலாம்? பம்பரம் செய்து பழகலாம் என்பது எங்கள் யோசனை. விரலால் திருகிவிடும் சிறு பம்பரம். அதில் கடைசலின் அடிப்படைப் பாடங்கள் யாவும் அடங்கியுள்ளன. அதற்கு 30 மில்லிமீட்டர் அலுமினியத் தண்டு ஒன்றும், 6 மில்லிமீட்டர் மென் எஃகுக் கம்பி ஒன்றும் வேண்டும்.

அலுமினியத் தண்டைச் சக்கில் பிடித்து 30 மில்லிமீட்டர் வெளியே நீட்டுங்கள். முதலில் முகத்தைச் சமமாகச் சீவுங்கள். பிறகு 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு அதன் சுற்றை 28 மில்லிமீட்டராகக் கடையுங்கள். ஒரு வெட்டுக்கு அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் வேண்டாம். அடுத்து, வால்பகுதியில் மையத் துளையிடும் குட்டை அலகைப் பொருத்தி நடுவில் சிறு குழி செய்துகொள்ளுங்கள். அந்தக் குழி இல்லாமல் நேரே நீண்ட அலகை வைத்தால் அது அலைந்து, துளை கோணலாகும். பிறகு 6 மில்லிமீட்டர் அலகால் 20 மில்லிமீட்டர் ஆழம் துளையிடுங்கள். அலகை அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலை வெளியேற்ற வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. சுற்றைக் கடைந்து, துண்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் மறுபடி சக்கில் மாட்டித் துளையிடலாமே என்று எண்ணாதீர்கள். மூன்று தாடைச் சக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கழற்றி மாட்டினால் பழைய இடத்திலேயே துல்லியமாகப் பிடிக்காது. நூற்றில் சில பங்கு மில்லிமீட்டராவது விலகும். ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டியவற்றை ஒரே பிடிப்பில் முடிக்க வேண்டும். பம்பரத்தின் சுற்றும் துளையும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். ஆகவே இரண்டையும் கழற்றாமல் செய்ய வேண்டும். கடைசலில் பாதி அறிவு இந்த ஒரு வரியில் இருக்கிறது.

துளை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, முகத்திலிருந்து 14 மில்லிமீட்டர் தள்ளி இரும்பறுக்கும் வாளால் கையாலேயே அறுத்து எடுங்கள். வெட்டிப் பிரிக்கும் தனி உளி ஒன்று உண்டு. அது எளிதில் சிக்கி உடையும் என்பதால், முதல் வேலையில் அது வேண்டாம். அறுத்த பக்கத்தைத் திருப்பிப் பிடித்து, மென்மையான வெட்டுகளால் 12 மில்லிமீட்டர் கனத்துக்குச் சமப்படுத்துங்கள். பிறகு எஃகுக் கம்பியைக் கொஞ்சமாக நீட்டிப் பிடித்து, மேலேயுள்ள சிறு சறுக்கியை 30 பாகை சாய்த்து, நுனியைக் கூம்பாகக் கடையுங்கள். இயந்திரத்தை நிறுத்திக் கழற்றிய பிறகு, ஊசிபோல் இருக்கும் முனையை எமரித் தாளில் கையால் தேய்த்துச் சிறிது உருட்டிவிடுங்கள். கம்பியை 45 மில்லிமீட்டர் நீளத்துக்கு அறுத்து, வட்டின் துளையில் செலுத்தி, கூம்பு முனை கீழே 12 மில்லிமீட்டர் நீளும்படி பசையால் ஒட்டுங்கள். பசை நன்றாகக் காய்ந்த பிறகே சுற்ற வேண்டும்.

இப்பொழுது அதை ஒரு பீங்கான் தட்டில் வைத்துத் திருகிவிடுங்கள். சுற்றும் துளையும் ஒரே மையத்தில் இருந்தால், பம்பரம் நிற்பதுபோலவே சுழலும். மையம் விலகியிருந்தால் தள்ளாடும். ஆசிரியர் வந்து மதிப்பெண் போட வேண்டியதில்லை. பம்பரமே சொல்லிவிடும். எங்கள் நால்வரின் முதல் பம்பரங்களில் மூன்று தள்ளாடின. அவசரப்பட்டுக் கழற்றி மாட்டிய மூவரும் யார் என்பது அப்பொழுதே தெரிந்துவிட்டது. சக்குச் சாவியைப் பறக்கவிட்டவனுடைய பம்பரம் மட்டும் ஆடாமல் நின்றது. தகரத்தின் ஓட்டையைத் தொட்டுப் பார்த்த நாளிலிருந்து, ஒவ்வொரு வேலைக்கும் முன் ஒரு மூச்சு நின்று பார்க்கும் பழக்கம் அவனுக்கு வந்திருந்தது.

இனி, எங்கே கற்பது? உடனே இயந்திரம் வாங்க ஓடாதீர்கள். முதலில், தெரிந்தவர் அருகில் நின்று பழகுங்கள். மலேசியாவில் மனிதவள அமைச்சைச் சேர்ந்த தொழிற்பயிற்சிக் கழகங்களில் இயந்திரக் கடைசல் பயிற்சி உண்டு. ஐ.எல்.பி. என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். பயிற்சிக்கேற்ப எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழும் பெறலாம். 2001 முதல் இயங்கிவரும் கோலேஜ் கொமுனிட்டி எனப்படும் சமூகக் கல்லூரிகள் பொதுமக்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகின்றன. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கல்லூரியில் என்ன பயிற்சி நடக்கிறது என்று நேரில் கேட்டு அறியலாம். ஏட்டுப் படிப்பில் பின்தங்கிய பிள்ளை கைவேலையில் முன்னுக்கு நிற்பதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். இது ஆண்பிள்ளை வேலை என்று பெண்பிள்ளைகளைத் தடுக்கவும் வேண்டாம். இந்த இயந்திரம் கேட்பது கை வலிமையை அல்ல, கவனத்தை.

பழகிய பிறகு வாங்குவதானால், ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள சிறு மேசை இயந்திரங்கள் வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். பழைய பட்டறை இயந்திரம் மலிவாகக் கிடைத்தால், மூன்று செய்திகளைப் பாருங்கள். முதலாவது, அதன் மோட்டார் மூன்று முனை மின்சாரம் கேட்கிறதா என்பது. சாதாரண வீடுகளில் இருப்பது ஒருமுனை மின்சாரம்தான். இரண்டாவது, சக்குக்கு அருகே படுகை தேய்ந்திருக்கிறதா என்பது. வண்டி அங்கே தளர்ந்தும், வால்பகுதியை அடுத்து இறுகியும் ஓடினால் தேய்மானம் உண்டு. மூன்றாவது, அதோடு சக்கும் சாவியும் பற்சக்கரங்களும் கிடைக்கின்றனவா என்பது. அவற்றைத் தனியே வாங்கப் போனால் மலிவாகக் கிடைத்த இயந்திரம் விலை உயர்ந்ததாகிவிடும்.

நேயர்களே, தோட்டங்கள் மாறிவிட்டன. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் கையோடு கொண்டுபோக முடிந்த சொத்து, கைத்திறன் ஒன்றுதான். வீட்டைத் திரும்பக் கேட்கலாம், நிலத்தை விற்றுவிடலாம். மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கை உணரும் விரலை எவரும் பறிக்க முடியாது. அந்த விரலை இயந்திரத்திடம் இழந்துவிடாமல் கற்பதே முதல் பாடம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள் தான் கடைந்த பம்பரத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் சுற்றிவிட்டால், தள்ளாடினாலும் சிரிக்காதீர்கள். "எந்த இடத்தில் கழற்றி மாட்டினாய்?" என்று கேளுங்கள். அடுத்த பம்பரம் நேராக நிற்கும்.